லாபிக்குள் ஐந்து பேர்

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதியாட்டம். இந்தியா 28, ஈரான் 28. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இந்திய அணித் தலைவர் பவன் ஷெராவத் பாடிப் போகிறார். அது 'டூ ஆர் டை' ரெய்டு. வெறுங்கையோடு திரும்பினால் அவரே அவுட். போனவர் ஓரத்தில் நெருக்கப்பட்டு, யாரையும் தொடும் முன்பே பக்கக்கோட்டைத் தாண்டி லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரை அமுக்கப் பாய்ந்த ஈரான் வீரர்கள் நான்கு பேரும் அதே வேகத்தில் லாபிக்குள் வந்துவிட்டார்கள். இப்போது லாபிக்குள் ஐந்து பேர். இதில் யார் யார் அவுட்?

விடை வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. ஒரு கட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி என்றார்கள். இன்னொரு கட்டத்தில் இந்தியாவுக்கு நான்கு, ஈரானுக்கு ஒன்று என்றார்கள். ஒரு பக்கம் ஒத்துக்கொண்டால் மறுபக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. வீரர்கள் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் நான்குக்கு ஒன்று என்பதே நிலைத்தது. 33-29 என்று இந்தியா தங்கம் வென்றது. அதே நாளில் இந்தியப் பெண்கள் சீன தைபே அணியை 26-25 என்று ஒரே புள்ளியில் வென்றிருந்தார்கள். அந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அவர்களுடையது. அந்த அருமையான ஆட்டத்தைப் பற்றி யாரையும் பேசவிடாமல் செய்துவிட்டது இந்த ஒரு ரெய்டு.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தப் பேச்சு பல வாரம் ஓடியது. வெளியூர்க்காரர்களுக்கு ஆழ்வார்திருநகரி என்றால் நம்மாழ்வார், ஆதிநாதர் கோயில், உறங்காப்புளி, நவதிருப்பதி. தாமிரபரணிக் கரையில் வாழ்கிற எங்களுக்கு இதோடு கபடியும் உண்டு. பக்கத்து மணத்தியில் பிறந்து வளர்ந்த கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-இல் எடுத்த 'பைசன் காளமாடன்' படம் வந்த பிறகு ஊர்ப் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே கோயில் கொடை என்றால் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கபடி நடக்கும். வாழைத் தோட்டத்திலும் பனங்காட்டிலும் உப்பளத்திலும் வேலை முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஆடுவார்கள். எந்த ஊர் அணியில் யார் கால் பிடிப்பார், யார் இடுப்பில் விழுவார் என்று கிழவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஹாங்சோ ரெய்டைப் பற்றி இரண்டு கட்சி உருவானதில் வியப்பில்லை.

இரண்டு கட்சியும் நடுவரின் கண்ணைத்தான் பேசின. "சரியாப் பாக்கல" என்றது ஒன்று. "பாத்துட்டுத்தான் மாத்துனாவ" என்றது மற்றொன்று. தாமிரபரணிக் கரையின் விளையாட்டு வரலாற்றுக்குத் தாள்கள் சேர்த்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஒளிப்பதிவு இருந்தது. பல கோணத்தில் இருந்தது. பவன் முதலில் லாபிக்குள் போனதையும், நால்வர் பின்னால் வந்ததையும் உலகமே பார்த்தது. கண்ணால் பார்த்ததில் சந்தேகம் இல்லாதபோது ஒரு மணி நேரம் எதற்காக வாதாடினார்கள்? தகராறு காகிதத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

கபடியை வெறுமனே பார்த்து மட்டும் ரசிப்பவர்களுக்காக லாபி பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்கள் களம் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். அந்த 10 மீட்டரில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மீட்டர் பட்டை லாபி. சாதாரண நேரத்தில் அது களமே இல்லை, மிதித்தால் அவுட். ரெய்டர் ஒருவரைத் தொட்டுவிட்டாலோ, அவரை ஒருவர் பிடித்துவிட்டாலோ போராட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியில் லாபியும் களமாகிவிடும். போராட்டத்தில் இருப்பவர்கள் அதற்குள் புரளலாம், அதன் வழியாகவே தங்கள் பக்கம் போய்ச் சேரலாம். ஒரு தொடுகை நிகழ்ந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே தரை களமாகவும் வெளியாகவும் மாறுகிறது. கபடியின் மிக நுட்பமான விதி இதுதான் என்று நான் சொல்வேன். ஆட்டத்தின் எல்லையே ஆட்டக்காரனின் விரல் நுனியில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து வேறு எந்த விளையாட்டிலும் இப்படி இல்லை.

ஹாங்சோவில் தொடுகை இல்லை. ஆகவே லாபி வெளிதான். பவன் அவுட். இதுவரை சிக்கல் இல்லை. நான்கு ஈரானியரும் வெளியில்தான் கால் வைத்தார்கள். அவர்களும் அவுட்டா?

போட்டி முடிந்த அன்றும் மறுநாளும் வந்த செய்திகளை வரிசையாக அடுக்கிப் படித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லோரும் ஒரே நிகழ்ச்சியை எழுதினாலும், விதி என்று இரண்டு வேறு வாசகங்களைச் சொன்னார்கள். ஒன்றைப் பழைய விதி என்றார்கள்: தொடாமல் ரெய்டர் லாபிக்குள் போக, அவர் பின்னாலேயே போகிற தடுப்பாளர்களும் அவுட். மற்றதைப் புதிய விதி என்றார்கள்: ரெய்டர் லாபியை மிதித்ததுமே அவர் அவுட், ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது, பின்னால் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். புதியது புரோ கபடி லீக்கில் ஆடப்படுவது, பழையது சர்வதேசக் கபடிக் கூட்டமைப்பின் நூலில் இருப்பது என்பது செய்திகளின் சாரம். பழைய வாசகப்படி இந்தியாவுக்கு நான்கு, ஈரானுக்கு ஒன்று. புதிய வாசகப்படி ஈரானுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்றுமில்லை. முதலில் பாய்ந்த ஒருவரை மட்டும் ரெய்டரோடு சேர்த்து எண்ணினால் ஆளுக்கு ஒன்று வரும். மூன்று விடைகளும் ஒரே படத்திலிருந்து வருகின்றன.

ஆக அன்று மேசையைச் சுற்றி நின்று கத்தியவர்கள் எல்லோருமே நேர்மையாகக் கத்தியிருக்க முடியும். லீக்கில் ஆடுகிறவர்களில் ஈரானியரும் உண்டு. அன்றைய ஈரான் அணித் தலைவர் ஃபாசல் அத்ராச்சலி லீக்கின் பெரிய பெயர்களில் ஒருவர். வருடத்தில் சில மாதம் ஒரு விதியில் ஆடிவிட்டு, நாட்டுக்காக ஆட வரும்போது இன்னொரு விதிக்கு உடம்பைப் பழக்க வேண்டும். உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறக்குமா? அந்த நால்வர் லாபிக்குள் பாய்ந்தது எந்த விதியை நம்பி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் தேடல் எதிர்பாராத பக்கம் திரும்பியது. ஆட்டம் எந்த நொடியில் நின்றது என்பதை வைத்து மதிப்பெண் மாறுகிற வேறு விளையாட்டு உண்டா என்று பார்க்கப் போனேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அகப்பட்டது. காலால் உதைக்கிற நம் கால்பந்து இல்லை அது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுகிற ஆட்டம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஓடுகிறவரை நாலைந்து பேர் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினால், தள்ளிய இடம் கணக்கில்லை. அவர் எட்டிய மிக முன்னான இடமே கணக்கு. முன்னேற்றம் தடைபட்ட அந்த நொடியில் பந்து செத்ததாகக் கருதப்படும். அதற்குப் பிறகு பந்து கையிலிருந்து நழுவினாலும் எதிரணிக்குச் சொந்தமாகாது. அதற்கு முன்பே நழுவியிருந்தால் எடுத்தவருக்குச் சொந்தம். பிடிபட்டவர் இன்னும் கால்களை உதைத்துக்கொண்டிருக்கிறார். முன்னேற்றம் நின்றுவிட்டதா இல்லையா? அந்த நாட்டில் வாராவாரம் இதன் மேல் சண்டை நடக்கிறது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு நொடியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஹாங்சோவின் கேள்வியும் இதேதான்.

அந்த ஆட்டத்தின் தொடக்க காலத்தில் முடிவை நடுவர் சொல்லவில்லை. பிடிபட்டு மேலே போக முடியாமல் ஆனவனே "டவுன்" என்று குரல் கொடுப்பான். அதோடு ஆட்டம் நிற்கும். 1882-இல் மூன்று முயற்சிக்கு ஐந்து கஜம் என்று கணக்கு வந்தது, 1906-இல் அது பத்து கஜமானது, 1912-இல் முயற்சி நான்கானது. கணக்கு இறுக இறுக, நிற்கும் நொடியை ஆட்டக்காரனிடம் விட்டுவைக்க முடியாமல் போய், அது விசிலுக்குப் போய்ச் சேர்ந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சடுகுடுவில் மூச்சு விடாமல் பாடுகிற பாட்டு நினைவுக்கு வந்தது. அங்கே பிடிபட்டவன் குரல் கொடுத்தால் ஆட்டம் நிற்கும். இங்கே பிடிபட்டவன் குரல் நின்றால் ஆட்டம் நிற்கும். உலகின் இரண்டு கோடியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆட்டங்கள், ஆட்டத்தின் சாவை ஆட்டக்காரனின் தொண்டையிலேயே வைத்திருந்தன.

அமெரிக்கர்களிடம் எனக்குப் பொறாமை வந்தது அவர்களுடைய காகிதத்தைப் பார்த்துத்தான். ஸ்பால்டிங் என்ற விளையாட்டுச் சாமான் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே வருடா வருடம் கால்பந்து விதிக் கையேடு வெளியிட்டது. அட்டையில் வருடம் அச்சாகியிருக்கும். எந்த வருடம் எந்த வரி மாறியது என்று இன்று ஒரு மாணவன்கூட அடுக்கி வைத்துச் சொல்லிவிடலாம். தீர்ப்புகளுக்கும் பதிவு உண்டு. 1940 நவம்பர் 16 அன்று கார்னெல், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்கள் மோதின. நடுவர் முயற்சிகளை எண்ணுவதில் தவறி, கார்னெலுக்கு ஐந்தாவது முயற்சி ஒன்றைக் கொடுத்துவிட்டார். அதில் எடுத்த புள்ளியால் கார்னெல் 7-3 என்று வென்றது. படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது தவறு உறுதியானது. நடுவர் அதை ஒப்புக்கொண்டார், கார்னெல் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. இன்றும் அந்த ஆட்டம் டார்ட்மவுத்துக்கு 3-0 என்றே பதிவாகியிருக்கிறது. 1990-இல் கொலராடோவுக்கும் இதே மாதிரி ஐந்தாவது முயற்சி கிடைத்து மிசூரியை 33-31 என்று வென்றது. அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி ஓட்டத்தில் பந்தோடு ஓடியவர் கோட்டைத் தொட்டாரா என்பதும் இன்றுவரை வாதம். எல்லாம் தேதியோடு, பெயரோடு, விதியின் வாசகத்தோடு இருக்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது? ஹிரோஷிமாவிலிருந்து தொடங்கினேன். 1994 அக்டோபர் நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினால் கபடிக்குக் கிடைத்திருப்பது சில வரிகள். தங்கம் இந்தியா, வெள்ளி வங்கதேசம், வெண்கலம் பாகிஸ்தான். யார் எத்தனை புள்ளி என்பதே அரிது. எந்தப் பிடி சர்ச்சையானது, எந்த நடுவர் எதை மாற்றினார் என்பதற்கு இடமே இல்லை. 1990-இல் பெய்ஜிங்கில் கபடி முதன்முதலாகப் பதக்க ஆட்டமானதிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே வந்தது. தோற்காத அணியின் தகராறுகளை யார் எழுதிவைப்பார்கள்? 2018-இல் ஜகார்த்தா அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்ற பிறகுதான் நம் பத்திரிகைகள் கபடியின் நுணுக்கங்களை விரித்து எழுத ஆரம்பித்தன. 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் திருச்செந்தூர்ப் பக்கத்துக் காயாமொழிக்காரர். எங்கள் ஊர்களில் கபடிச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் பலர் அவர் பத்திரிகையில்தான் படித்தார்கள். அவர்கள் படித்ததும் வெற்றி தோல்வியைத்தான், விதியை இல்லை.

ஆகவே அச்சிலிருந்து ஆட்களிடம் போனேன். மணத்தியைச் சுற்றிய ஊர்களில் எழுபது தாண்டிய பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரிடம் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"அண்ணாச்சி, ஒங்க காலத்துல லாபி உண்டுமா?"

"எங்க தம்பி லாபி? தேரி மண்ணுல கம்ப வச்சு ஒரு கோடு இழுப்போம். பொறவு சுண்ணாம்பு வந்துது. கோட்ட ஒட்டி சனம் உக்காந்திருக்கும். தாண்டுனா சனத்து மேலதான் விழணும்."

"அப்போ சண்ட எதுல வரும்?"

"பாட்டுலதான். மூச்சு விட்டானா விடலயான்னு. நாலு பேரு அமுக்கி மண்ணுல மூஞ்சி கெடக்கும், உள்ள இருந்து சத்தம் வரும். நடுவர் குப்புறக் குனிஞ்சு அவம் வாய்ப்பக்கம் காதக் கொண்டு போவாரு. சத்தம் அறுந்துதுன்னு அவரு சொன்னா அறுந்துது. அதுக்கு மேல பேச்சு கெடையாது."

"தப்பாச் சொன்னா?"

"சொல்லியிருக்காவ. அடுத்த கொடைக்கு அந்த நடுவர வெத்தல பாக்கு வச்சு அழைக்க மாட்டாவ, அம்புட்டுதான்."

இதில் ஒரு முக்கியமான தடயம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ரெய்டு முடிகிற நொடி ஒன்றே ஒன்றுதான்: மூச்சு அறுகிற நொடி. நடுவர் காதால் தீர்ப்பளித்தார். இன்று ரெய்டுக்கு முப்பது நொடி கணக்கு. பாட்டு விட்டால் முடிவு, முப்பது நொடி ஆனால் முடிவு, லாபியை மிதித்தால் முடிவு, நடுக்கோட்டுக்கு வந்து சேர்ந்தால் முடிவு. எத்தனை முடிவுகள் உண்டோ அத்தனை விதமாக, எது முதலில் நடந்தது என்ற கேள்வி பிறக்கிறது. பெரிய அரங்கத்தின் இரைச்சலில் பாட்டைக் கேட்பது முடியாத காரியம்; சண்டை காதை விட்டுக் கண்ணுக்கு வந்துவிட்டது. கண்ணுக்குக் கேமரா துணை வந்த பிறகு, விதியின் வாசகத்துக்கு வந்து நிற்கிறது.

விதி எப்போது ஒன்றாக்கப்பட்டது என்பதற்கு ஓரளவு தடம் உண்டு. நம் சடுகுடு, ஆந்திரத்தின் செடுகுடு, வங்காளத்தின் ஹாடுடு, மராத்தியரின் ஹுதூதூ என்று ஊருக்கொரு விதமாக இருந்ததை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரும் முயற்சி மராட்டியப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகம் எடுத்தது. அவுட்டானவர் திரும்ப உயிர்பெறுகிற சஞ்சீவனி, உயிர்பெறாத காமினி, அவுட்டானாலும் களத்திலேயே நிற்கிற அமர் என்று மூன்று வகை இருந்தன. இன்றைய கபடி சஞ்சீவனியின் வழியில் வந்தது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமன் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் ஆடிக் காட்டினார்கள். 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு வந்தது, 1972-இல் இன்றைய அமெச்சூர் கூட்டமைப்பு, 2004-இல் சர்வதேசக் கூட்டமைப்பு. இவற்றில் ஒவ்வொன்றும் விதியைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றியது. மாற்றியவர்கள் எல்லோரும் அந்த ஸ்பால்டிங் கையேடு போல ஆண்டுவாரியாக அடுக்கி வைத்துவிட்டுப் போகவில்லை.

அடுத்த தடயம் ஒரு முன்னாள் நடுவரின் வீட்டு அலமாரியில் கிடைத்தது. ஆங்கிலத்தில் அச்சான சிறிய விதிக் கையேடு. முன்னட்டையும் முதல் தாளும் போய்விட்டன, ஆண்டு தெரியவில்லை. பல ஊர் மைதானங்களின் வியர்வையும் மண்ணும் பட்டு ஓரங்கள் பழுத்திருந்தன. இப்படிப்பட்ட தாளுக்கு வயது கண்டுபிடிப்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு. அதற்கு அட்டை தேவையில்லை, உள்ளே இருக்கிற அளவுகளே பேசும். அதில் ஆண்கள் களத்தின் நீளம் 12.5 மீட்டர் என்று இருந்தது. இன்று 13. நடுக்கோட்டிலிருந்து, ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன் 3.25 மீட்டர், இன்று 3.75. பெண்கள் களம் 11 மீட்டர், இன்று 12. ஆனால் போனஸ் கோடு இருந்தது. ஆகப் போனஸ் கோடு வந்த பிறகு, களம் நீளும் முன்பு அச்சான நூல் அது. மணத்தி கணேசன் தலைமுறை ஆடி வளர்ந்த களத்தின் அளவும் இந்தப் பழைய அளவுதான். அரை மீட்டர்தானே என்று தோன்றும். பிடிபட்டபின் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து வருகிற ஒருவருக்குப் பாக் லைன் அரை மீட்டர் தள்ளிப் போவது என்னவென்று ஆடியவர்களைக் கேட்க வேண்டும்.

லாபிப் பக்கத்தைத் திறந்தேன். போராட்டம் தொடங்கியதும் லாபி களத்தோடு சேரும் என்று ஒரு விதி. போராட்டத்தில் இருந்தவர்கள் லாபி வழியாகத் தங்கள் பக்கம் போகலாம் என்று அதன் தொடர்ச்சி. களத்துக்கு வெளியே போகிறவர் அவுட் என்று தனியே ஒரு விதி. ஒருவரை வேண்டுமென்றே வெளியே தள்ளினால் தள்ளியவர்தான் அவுட், தள்ளப்பட்டவர் இல்லை என்று இன்னொன்று. நான்கையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ரெய்டர் முதலில் வெளியே போய், தடுப்பாளர் பிறகு போனால் என்ன செய்வது என்ற வரி அதில் இல்லை. 'முதலில்', 'பிறகு' என்ற சொற்களே அந்தப் பக்கத்தில் இல்லை.

எனக்குச் சிக்கல் அவிழ்ந்தது இங்கேதான். பழைய நூல் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகப் பார்க்கிறது. யார் வெளியே மிதித்தாலும் அவர் அவுட். ஐந்து பேர் மிதித்தால் ஐந்து பேரும். அதில் நேரம் என்ற கணக்கே கிடையாது. தேரி மண்ணில் நேரம் தேவைப்படவும் இல்லை. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் ஒரே ஆட்டம். நான்குக்கு ஒன்று என்ற தீர்ப்பு இந்த மரபின் நேர் வாரிசு. புதிய வாசகம் நேரத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறது: ரெய்டரின் கால் விழுந்த நொடியில் ஆட்டம் செத்தது, செத்த பிறகு நடந்ததை எண்ணாதே. அமெரிக்கர்களின் விசிலும் இதைத்தான் செய்கிறது. தொலைக்காட்சியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிகிற காலத்தில் இப்படியொரு விதி பிறந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. வேகத்தில் வந்தவரால் காற்றிலேயே நின்றுவிட முடியாது. எதிராளி ஏற்கெனவே அவுட்டான பிறகு அவர் கால் எங்கே விழுந்தது என்பதற்காக நான்கு பேரை வெளியேற்றுவது கொடுமை என்று ஒரு பயிற்சியாளர் என்னிடம் வாதிட்டார். எனக்கும் ஆட்டத்துக்கு அதுவே நல்லது என்றுதான் படுகிறது.

ஆனால் எது நல்ல விதி என்பது ஒரு கேள்வி, அன்று எந்த விதி நடப்பில் இருந்தது என்பது வேறொரு கேள்வி. ஆசிய விளையாட்டு லீக் ஆட்டம் இல்லை. சர்வதேச நூலில் இருப்பது பழைய வாசகம் என்றால், நான்குக்கு ஒன்று என்பதே அன்றைக்குச் சரியான தீர்ப்பு. இந்தியா அந்தத் தங்கத்தை விதிப்படியே வென்றது என்று தயக்கமில்லாமல் எழுதுகிறேன். அதே தயக்கமின்மையோடு ஈரான் வீரர்களுக்காகவும் எழுத வேண்டும். தீர்ப்பு மாறி மாறி வந்தபோது அவர்கள் கோபப்பட்டது நியாயம். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் எந்தப் புத்தகம் செல்லும் என்று நடுவர் மேசையில் தேடுகிற நிலைக்கு ஒரு வீரனைக் கொண்டுபோகக் கூடாது. ஆட்டம் தொடங்கும் முன் இரு அணித் தலைவர்களிடமும் இந்தப் பதிப்பு, இந்தத் தேதி என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் இருந்திருக்காது.

இந்த முடிவை மணத்திப் பக்கத்து அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பவன் பாட்ட விட்டானா?" என்று கேட்டார். ரெய்டு நடந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா என்பதை அன்றைய வாதத்தில் யாரும் எடுத்ததாக நான் படிக்கவில்லை என்றேன். "மூச்சு இருந்தா ஆட்டம் இருக்கு. ஆட்டம் இருந்தா நாலு பேரும் அவுட்டு. இதுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?" என்றார். நான் நூல்கள் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவர் நேராக வந்துவிட்டார். காரணம் வேறு, விடை ஒன்று. அவருடைய சடுகுடுவில் அந்தத் தீர்ப்புக்கு நூலே வேண்டியதில்லை.

என் அடுத்த வேலை தெளிவாகிவிட்டது. கபடி விதிக் கையேடுகளைப் பதிப்பு வாரியாக அடுக்க வேண்டும்; ஒவ்வொரு வரியும் எந்தப் பதிப்பில் நுழைந்தது, எதில் நீங்கியது என்று அட்டவணை போட வேண்டும். அச்சுப் பிரதிகள் பெரிய நூலகங்களை விட, கொடை ஆட்டங்களுக்கு விசிலோடு சைக்கிளில் போன உடற்கல்வி ஆசிரியர்களின் வீடுகளில்தான் கிடைக்கின்றன. திருச்செந்தூர், நாசரேத், ஸ்ரீவைகுண்டம், குரும்பூர்ப் பக்கம் பரணில் அப்படி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. களத்தின் நீளம் அச்சான பக்கமும் லாபிப் பக்கமும் மிஞ்சியிருந்தால் போதும், அது எந்தக் காலத்துப் பதிப்பு என்று கணித்துவிடலாம்.